குருவின் கண்ணில் படுவதற்காக

காப்பார்
17.1.2024

அன்பு மகள் தாமரைக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முட்டி மட்டும் உட்கார்ந்து எழும்போதெல்லாம் சத்தம் போடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? கடல் தாண்டிச் சரவாக் காட்டுக்குள் படகில் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று என் வயிற்றில் பிறந்தவளுக்குத் தலையெழுத்து. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மாதக் கடைசியில் டவுனுக்கு இறங்கினால் லைன் கிடைக்கும், கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். கூப்பிடாதே. உன் தம்பி கூப்பிடுகிற நேரத்தில் நாம் பேசிக்கொண்டிருந்தால் அவனுக்கு லைன் கிடைக்காது. குரு ரோஷக்காரன், இரண்டாம் தடவை போட மாட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கால் உள்ளே வரும் என்று நீ சொன்னதை நான் நம்புவதாக இல்லை. கடிதமே எழுது.

ஒரு செய்தி. பள்ளி வேனை விற்றுவிட்டேன். பிள்ளைகளை ஏற்றி இறக்க இனி உடம்பு தாங்காது. மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடலாம் என்று இருக்கிறேன். அதற்கு வண்டி? குருவின் கார் இருக்கிறதே. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான், இரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வண்டி பழுது பார்க்கும் ஃபோர்மன் ஜெயராஜை வரவழைத்து உயிர் கொடுத்துவிட்டேன். முப்பது வயசைத் தாண்டிய வண்டி, இரண்டே சீட்டு, துணிக் கூரை. உள்ளே இறங்க ஒரு பிரார்த்தனை, வெளியே ஏற ஒரு பிரார்த்தனை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குரு குளிக்காமல் இருப்பான், இந்த வண்டியைக் கழுவாமல் இருந்ததுண்டா? கிள்ளான் வட்டாரத்தில் இப்படிச் சிவப்பில், திறந்து மூடும் கண் மாதிரி விளக்கு வைத்த கார் வேறு யாரிடம் இருக்கிறது? எந்த ரோட்டோரத்தில் நின்று பார்த்தாலும் தெரிந்துகொள்வான். ஓடி வருவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
இராஜம்மா


8.2.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். கொசுக்கடி தவிர வேறு குறை இல்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? பொங்கலன்று இங்கே பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து கொடுத்தேன், சட்டியை வழித்துத் தின்றார்கள்.

வேனை விற்றதைச் சொல்லாமல் செய்துவிட்டீர்களே. உங்கள் வயசுக்கு அந்தக் கார் சரிப்படாது. தாழ்வான வண்டி, லோரிக்காரன் கண்ணுக்கே தெரியாது. மழை வந்தால் கூரை ஒழுகும். ஒரு சின்னக் கார் பழசாகப் பாருங்கள், மாதா மாதம் நான் கட்டுகிறேன். வேறு எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள் அம்மா. அது மட்டும் வேண்டாம்.

வேறென்ன எழுத. மணி அடித்துவிட்டார்கள்.

அன்புடன்,
தாமரை


காப்பார்
3.3.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் என்று எழுதியிருந்தாய், எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது, தூங்குகிறாயா இல்லையா? நான் நலம்தான். எண்ணெய் தேய்க்கிறேன்.

லோரிக்காரன் கண்ணுக்குத் தெரியாதாம். அடி போடி. லோரிக்காரன் மட்டுமா, சிக்னலில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். போன வாரம் இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து இன்ஜினை உறுமவிட்டு, "ஆன்டி, ஒரு ரேஸ் போவோமா லா?" என்று கேட்டார்கள். மாவு வாளி கவிழ்ந்துவிடும், இல்லையென்றால் வந்திருப்பேன் என்றேன். பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் ஊற்றப் போனால் அங்கே இருக்கிற பங்களாதேஷ் பையன் காரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறான். எடுக்கட்டும், எங்கெங்கோ அனுப்பட்டும். குரு பார்க்கட்டும்.

நீ ஏன் அந்தக் காரை இப்படி வெறுக்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா கடைசியாகப் போன வண்டி என்பதாலா? மாவு வாளியை அவர் உட்கார்ந்த பக்கத்துச் சீட்டில் வைத்துப் பெல்ட்டை மாட்டும்போது எனக்கும் அவர் நினைவு வருகிறது. ஆனால் நான் அதை இப்படித்தான் பார்க்கிறேன். அன்றைக்கு நான் பிள்ளைகளை இறக்க வேனில் போய்விட்டேன். நெஞ்சு வலி என்றதும் குரு ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை, அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், டாக்டர் பார்த்தார், ஆக்சிஜன் வைத்தார்கள். அதற்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது? ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் மனுஷன் வழியிலேயே போயிருப்பார். கட்டிலில், நாலு பேர் பார்க்கப் போனார் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல். அந்த ஆறுதலைக் கொடுத்தது இந்தக் கார்தான். இதைக் குருவிடம் நான் சொன்னதே இல்லை. வந்தால் சொல்லுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
இராஜம்மா


22.4.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னியுங்கள். ஆறு வற்றிவிட்டது, படகு ஒழுங்காக வருவதில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது? பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிவிட்டீர்களா?

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

இங்கே இரண்டு நாள் மழை பெய்தது. ஆற்றோர வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகள் நனைந்துகொண்டே வந்தார்கள். இப்போது மறுபடி வெயில்.

மாவைக் காப்பாரிலும் கிள்ளானிலும் போட்டால் போதாதா? தூரம் போகாதீர்கள். குருவை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருப்பான்.

அன்புடன்,
தாமரை


காப்பார்
19.5.2024

அன்பு மகள் தாமரைக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். தலைசுற்றல் இல்லை. நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறான் என்று உனக்கு யாரடி சொன்னது? சும்மா ஆறுதலுக்கு எழுதினாயா? சரி, உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

காப்பாரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அவன் எப்படிப் பார்ப்பான்? இங்கே இருந்தால் இரண்டு வருஷத்தில் யாராவது கண்டிருப்பார்களே. அதனால் திங்கள் பண்டமாரான், புதன் பூச்சோங், சனிக்கிழமை தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் என்று பிரித்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸில் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, முதலாளி பெயர் வள்ளியம்மா. என் மாவில் ஒரு தோசை ஊற்றித் தின்று பார்த்துவிட்டு வாராவாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். காப்பாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு மாவு கொண்டுபோகிற பைத்தியம் யார் என்று கேட்பாய். எண்ணெய்க் காசுகூடத் தேறாது, எனக்குத் தெரியும். கடை வாசலிலேயே காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். எத்தனை பேர் நடமாடுகிற இடம் அது.

போன சனிக்கிழமை ஃபெடரல் ஹைவேயில் ஜாமில் மாட்டி வண்டி சூடேறி நின்றுவிட்டது. முன்னால் ஆவி, பின்னால் ஹாரன். ஒரு லோரிக்காரத் தம்பி இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரேடியேட்டர் போச்சு ஆன்டி, இது பழைய வியாதி" என்றான். ஜெயராஜும் அதைத்தான் சொல்கிறார், குரு வைத்திருந்தபோதே இந்தக் கோளாறு உண்டாம். ஐந்து பாட்டில் தண்ணீரோடுதான் இப்போது போகிறேன்.

லீவுக்கு வருகிறாயா? வந்தால் உன்னை அந்தச் சீட்டில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவேன்.

உன் அம்மா,
இராஜம்மா


16.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

லீவுக்கு வர முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டும் கிடைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு மட்டும் போகாதீர்கள் அம்மா. தயவுசெய்து சொல்கிறேன்.

தாமரை


காப்பார்
7.7.2024

தாமரைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பண்டமாரானுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பூச்சோங்குக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு மட்டும் போகாதே என்கிறாய். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாவுகூட அரைக்கவில்லை. உன்னைப் பெற்றவள் நான். சின்ன வயசில் ஒரு பொய் சொன்னாலே உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். இப்போது காட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு எழுதுகிறாய், வகுப்பாம், டிக்கெட்டாம்.

அவன் இருக்கும் இடம் உனக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும்? ஒன்றையும் மறைக்காமல் எழுது. அவன் ஜெயிலில் இருந்தாலும் எழுது, கட்டையாகிப் போயிருந்தாலும் எழுது. அது வரைக்கும் நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பேன்.

இராஜம்மா


4.8.2024

அன்புள்ள அம்மா,

மாத்திரை போட்டுக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட வைத்துக்கொண்டால் நல்லது.

குரு உயிரோடு இருக்கிறான். வள்ளியம்மா கடையில்தான் வேலை செய்கிறான். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறான், காய் வெட்டுகிறான், மேல்மாடியில் மற்ற வேலைக்காரர்களோடு தங்கியிருக்கிறான். ஒரு வருஷமாக எனக்குத் தெரியும். டவுனுக்கு இறங்கும்போது அவனோடு பேசுவேன். உங்களிடம் சொன்னால் அந்தப் போனையும் மூடிவிடுவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஒரு நூலாவது கையில் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் போகவில்லை அம்மா. அந்தக் காரில் போனார். காப்பார் ரோட்டில் மழை, ஜாம், வண்டி சூடேறி நின்றுவிட்டது. குரு இறங்கி ரோட்டு நடுவில் நின்று போகிற வண்டிகளையெல்லாம் கைகாட்டியிருக்கிறான். ஒருவரும் நிற்கவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அப்பா பெல்ட்டோடு அப்படியே சாய்ந்திருந்தார். ரேடியேட்டர் பழுது என்று அவனுக்கு முன்பே தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று அப்பா சொன்னாராம், என் கார்தான் வேகம் என்று இவன்தான் கேட்கவில்லை. டாக்டர், ஆக்சிஜன் எல்லாம் உங்களுக்காக அவன் சொன்ன பொய். நீங்கள் அதை நம்பி அவன் தலையைத் தடவிக் கொடுத்தீர்களாம். அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை என்றான்.

நீங்கள் முதல் தடவை அந்தக் கடைக்குப் போனபோது, அவன் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டான். நீங்கள் முன்னால் மாவைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள், அவன் பின்வாசல் கால்வாயில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, அந்தச் சத்தம் கேட்டாலே அப்பா மூச்சுக்கு இழுக்கிற சத்தம் கேட்குது. அம்மா அதையே ஓட்டிக்கிட்டு வராங்க" என்று அழுதான்.

நீங்கள் அவனைக் கூப்பிட எடுத்துப்போகிற கார்தான் அவனை விரட்டுகிறது. அதை விற்றுவிடுங்கள். விற்றால் வருவானா என்று எனக்கு உறுதி இல்லை, ஒருவேளை வரலாம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தாமரை


காப்பார்
29.9.2024

தாமரைக்கு,

உடம்பு இருக்கிறது. உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மாலையில் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை, ஓட்டுகிறவள்தானே. பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். கால் நீட்ட இடமில்லை. அவர் நல்ல உயரம். எப்படி மடக்கி உட்கார்ந்திருந்தாரோ, கண்ணாடியில் மழையைப் பார்த்துக்கொண்டு, ரோட்டில் கை ஆட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு. வாய்விட்டு அழுதேன். மாவு வாளியை வைத்தேனே அங்கே, அதை நினைத்து இன்னும் அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து என்னை இழுத்து வெளியே எடுத்தாள்.

குரு மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடாததற்கு இல்லை, பயத்தில் யாருக்கு என்ன தோன்றும்? என்னை இத்தனை நாள் ஒரு பொய்க்கு நன்றி சொல்ல வைத்தானே, அதற்குத்தான் கோபம். அதுவும் அவனைப் பார்த்தால் போய்விடும்.

காரை விற்றுவிட்டேன். இழுத்துக்கொண்டிருக்க மனசில்லை. யுகேந்திரன் என்று ஒரு பையன், இந்த மாதிரிப் பழைய கார்கள் என்றால் உயிராம். வந்தான், ரேடியேட்டரைப் பார்த்தான், சுற்றிச் சுற்றித் தடவினான், ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பேரம்கூடப் பேசவில்லை நான்.

குருவிடம் சொல். கார் போய்விட்டது. வாசலில் இடம் காலி. அம்மா கடைப் பக்கம் வரமாட்டாள், கேள்வி கேட்கமாட்டாள். தீபாவளிக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் போதும்.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. நீயும் வா.

உன் அம்மா


24.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் தேறியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

படகு சரியாக வராததால் ஜூனுக்குப் பிறகு நான் டவுனுக்கு இறங்கவே இல்லை, உங்கள் கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு இறங்கினேன். குருவின் நம்பர் பயன்பாட்டில் இல்லை என்று வருகிறது. பகல் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு வள்ளியம்மா கடைக்கே கூப்பிட்டேன். அவன் ஜூலை மாதமே போய்விட்டானாம். ஒரு சனிக்கிழமை நீங்கள் வாசலில் காரை நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்களாம். அன்று இரவே சம்பளம்கூட வாங்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதும்போதே அவன் அங்கே இல்லை.

நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பான். என்னிடமும் சொல்லாமல் போய்விட்டான் அம்மா.

தீபாவளிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டுவிட்டேன்.

தாமரை


காப்பார்
8.12.2024

அன்பு மகளுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? படகில் நனைந்தாயா? தீபாவளிக்கு நீ இருந்த நாலு நாளும் வீடு வீடாக இருந்தது. இரண்டு பேரும் அவன் பேரை எடுக்காமலே சாப்பிட்டோம், அதையும் ஒரு சாமர்த்தியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். கிள்ளான் பஸ் ஸ்டாப்பில் மாவுப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினால் சிவப்புக் கார், கூரையைத் திறந்துவிட்டு ஒரு பையன் ஓட்டிக்கொண்டு போகிறான். ரேடியேட்டரை மாற்றியிருப்பான் போல, ஜோராக ஓடுகிறது. சிக்னல் தாண்டிப் போன பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் விற்றது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். குருவுக்கு யார் சொன்னது?

அவன் எங்கே இருந்தாலும் அந்தக் கார் ஒருநாள் அந்தப் பக்கம் போகும். சத்தத்தைக் கேட்பான், நிறத்தைப் பார்ப்பான், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்கவா நிற்பான்? அம்மா இன்னும் விடாமல் துரத்துகிறாள் என்று மறுபடியும் பையைத் தூக்குவான். கிடைத்த வேலையை விடுவான், கிடைத்த சோற்றை விடுவான். ஜெயராஜிடம் கொடுத்து உடைத்துப் போட்டிருக்க வேண்டிய வண்டி. நன்றாக வைத்துக்கொள்வான் என்று பார்த்து ஆசைக்காரன் கையில் கொடுத்தேனே, பாவி.

வாங்கின யுகேந்திரனுக்குப் போன் போட்டேன். நிறத்தை மாற்றிக் கொடுப்பா, செலவை நான் தருகிறேன் என்றேன். "நான் அப்பவே கைமாத்திட்டேன் ஆன்டி. வாங்கினவரும் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு. அந்தக் காருக்குச் சிவப்புதான் லா அழகு" என்றான். இப்போது வைத்திருப்பவர் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறாராம், அது மட்டும் தெரியுமாம்.

அதனால் நான் தினமும் பஸ்ஸில் கிளம்பிவிடுகிறேன். குருவைத் தேட இல்லை, அந்தக் காரைத் தேட. சிக்னலில் நிற்கிற நேரத்தில் பிடித்து, ஓட்டுகிறவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, கறுப்போ வெள்ளையோ அடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாகக் கண்ணில் படவில்லை. நாளைக்குப் பூச்சோங் பக்கம் போய்ப் பார்க்கப் போகிறேன்.

கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கு.

உன் அம்மா,
இராஜம்மா